பேய்க் கதைக்கு முந்திய உயில்

சிறுசேரி சிப்காட்டிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போய், கேளம்பாக்கத்தில் இடது கைப்பக்கம் திரும்பினால் உப்பளங்கள் வரும். பிறகு கழிமுகம். அதைத் தாண்டினால் கோவளம். மீனவர் குப்பம், தமீமுல் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில் என்று எல்லாமே கடலைப் பார்த்தபடி நெருங்கி நிற்கும் ஊர். மாதா கோயிலை 1808-ல் கட்டியவர் ஜான் டிமான்ட்டி. மதராஸில் வாணிபம் செய்து பெரும்பணம் சேர்த்த போர்த்துக்கீசியர் என்று அவரைச் சொல்வார்கள். 1821-ல் காலமானபோது, தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கமானார்.

இன்றைக்கு டிமான்ட்டி என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் மாதா கோயில் நினைவுக்கு வராது, பேய்தான் வரும். 2015-ல் அஜய் ஞானமுத்து இயக்கி அருள்நிதி நடித்த ‘டிமான்ட்டி காலனி’ செய்த வேலை அது. சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு குடியிருப்பு உண்டு. படம் வருவதற்கு முன்பிருந்தே, ஆளில்லாமல் கிடந்த அதன் வீடுகளைப் பற்றி இரவுக் கதைகள் உலவின. டிமான்ட்டியின் மனைவிக்குச் சித்தம் கலங்கிவிட்டது, ஒரே மகன் கடல் கடந்த நாட்டில் செத்துப்போனான், வாரிசில்லாத இடத்தில் அவரே இன்னும் உலவுகிறார் என்பது கதைச் சுருக்கம். இதில் பேயைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது ஒரு வம்சாவளி. கல்யாணம், பிறப்பு, சாவு, சொத்து. நாலுமே தாளில் ஏறுகிற காரியங்கள்.

குடும்ப வேரைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க மூன்று வகைத் தாள்களைப் புரட்டுகிறார்கள்: கோயில் பதிவேடு, உயில், பழைய பத்திரிகை. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்தவர்களின் வழிவந்தோர் 1998-ல் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கி, கல்லறை வாசகம் முதல் கப்பல் பயணிகள் பட்டியல் வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மூன்று தாள்களில் எதையும் பேரப்பிள்ளைகளுக்காக யாரும் எழுதி வைக்கவில்லை. கோயிலுக்கு ஆன்மாவைப் பற்றிய கவலை, கோர்ட்டுக்குச் சொத்தைப் பற்றி, பத்திரிகைக்கு விளம்பரக் காசைப் பற்றி. குடும்பம் அவற்றில் ஓரமாகத்தான் வந்துபோகிறது. அந்த ஓரங்களை ஒட்டித் தைப்பதுதான் வம்சாவளி ஆய்வு. சொத்து இருந்த இடத்தில் தையல் நன்றாக நிற்கும், இல்லாத இடத்தில் நூல் இற்றுப்போகும். கோவளம் கடற்கரையில் இரண்டையும் பார்க்கலாம்.

தேடலில் முதல் முட்டுக்கட்டை பெயர். போர்த்துக்கீசிய முறையில் ஜோவாவ் என்பது ஆங்கிலத்தில் ஜான் ஆகிவிடும். ‘தெ மொந்தே’ என்ற குடும்பப் பெயரை எழுத்தர்கள் பிரித்தும் சேர்த்தும் நடுவில் ஒற்றைக் குறி போட்டும் எழுதினார்கள். பெயர் அட்டவணையில் ஒரு தொகுப்பாளர் ‘டி’ வரிசையில் வைத்ததை இன்னொருவர் ‘எம்’ வரிசையில் வைத்திருப்பார். ஒரு வரிசையைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று ஏட்டை மூடியவர்கள் உண்டு.

போர்த்துக்கீசியப் பெயர் என்பதாலேயே ஒருவர் லிஸ்பனில் பிறந்தவர் ஆகிவிட மாட்டார். முத்துக்குளித்துறையில் 1530-களில் ஞானஸ்நானம் பெற்ற பரதவர்கள் பெர்னாண்டோ, மச்சாடோ, ரோச் என்று பெயர் பூண்டார்கள். ஞானத்தகப்பனின் பெயரை ஞானப்பிள்ளைக்குச் சூட்டுவது அந்நாளைய வழக்கம். பழைய மதராஸில் ‘போர்த்துக்கீசியர்’ என்ற சொல்லே ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் பிறந்து இங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்தவர்களையும் சேர்த்துக் குறித்தது. ஆகவே பெயரை வைத்து ரத்தத்தைச் சொல்ல முடியாது. பிறந்த ஊரின் ஞானஸ்நான ஏடு கிடைக்கும்வரை ‘போர்த்துக்கீசிய வணிகர்’ என்பதை ஓர் அடைமொழியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்ப் பெயர்களுக்கு வேறு வகைச் சிக்கல். குடும்பப் பெயர் என்று நிலையான ஒன்று இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஆனால் ஈடாக ஒரு வசதி இருக்கிறது. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது, தாத்தா பெயரைத் தாங்குகிறவன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்ப வருவதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பதிவேடு எழுதுவது பாதிரியாரின் விருப்பத்துக்கு விட்ட காரியமல்ல. 1563-ல் முடிந்த திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் ஏடு வைத்தே ஆகவேண்டும் என்று விதித்தது. பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டில் ஒரு வரியில் இவ்வளவு இருக்கும்: குழந்தையின் பெயர், பிறந்த நாள், நீர் ஊற்றிய நாள், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், பாதிரியாரின் கையொப்பம். அனுபவப்பட்டவர்கள் பெற்றோரின் பெயருக்கு முன்னால் ஞானப்பெற்றோரின் பெயரைத்தான் பார்ப்பார்கள். அங்கே நிற்பது பெரும்பாலும் சித்தப்பாவோ மாமாவோ வியாபாரக் கூட்டாளியோதான், உறவு வலையின் அடுத்த முடிச்சு அங்கேதான் இருக்கும். 1908-லிருந்து இன்னொரு உபகாரம். ஒருவருக்கு எந்த ஊரில் திருமணம் நடந்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் ஏட்டு ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்று ரோமாபுரியிலிருந்து சட்டம் வந்தது. பிறந்த ஊர் ஏட்டின் ஓரக் குறிப்பே, பெண் கட்டிக்கொண்டு போன ஊரைக் காட்டிவிடும்.

எந்தக் கோயில் என்பதில்தான் மதராஸ் கத்தோலிக்கர்களின் வழிவந்தோர் தடுமாறுவார்கள். 1606-ல் அமைந்த மயிலை மறைமாவட்டம் போர்த்துக்கீசிய அரசரின் ஆதரவில் இயங்கியது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டிய நகரத்தில் 1642 முதல் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவிகள் ரோமாபுரிக்கு நேரே பதில் சொல்லும் இன்னொரு அமைப்பை நடத்தினார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் இங்கே, எதிர்வீட்டுக்காரர் அங்கே. இந்த இரட்டை ஆட்சி 1952-ல்தான் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமாக ஒன்று சேர்ந்தது. 2002-ல் செங்கல்பட்டு தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. தாத்தாவின் திருமண ஏட்டைத் தேடுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது, தாத்தா காலத்தில் அந்தக் கோயில் எந்த ஆயருக்குக் கீழே இருந்தது என்பதை.

ஆங்கிலேயர்களின் ஏடு இவ்வளவு சுற்றாது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் கோயில் 1680 அக்டோபர் 28-ல் அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4-ல், அதன் திருமண ஏட்டில் முதல் வரி விழுந்தது. எலிஹு யேல், காத்தரீன் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்தார். பின்னாளில் மதராஸ் கவர்னராகி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் அவர். அதே கோயிலில் 1753 பிப்ரவரி 18-ல் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கெலினுக்கும் கல்யாணம். அதற்கு முந்திய ஆண்டில்தான் கிளைவ் கோவளம் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்திருந்தார். பீரங்கிப் புகை அடங்கின கையோடு மாப்பிள்ளைக் கோலம்.

1689 ஆகஸ்டில் அந்தக் கோயிலில் மூன்று பெண்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், காத்தரீன். தகப்பன் ஜோப் சார்னாக், அடுத்த ஆண்டு கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடியை நட்டவர். தாய் யார்? சிதையிலிருந்து சார்னாக் மீட்டு வந்த இந்து விதவை என்று ஒரு கதை தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. அவளைப் பற்றி ஆளாளுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், மகள்களின் ஞானஸ்நான ஏட்டில் அவளுக்கு ஒரு சொல்கூட இல்லை. டிமான்ட்டி காலனியில் பேய் குடிபுகுந்ததும் இப்படித்தான் இருக்கவேண்டும். தாள் வாய்மூடிய இடத்தில் கதை வாய்திறக்கும்.

கம்பெனிப் பாதிரிகள் எழுதிய ஏடுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த நகல் வரிசை மதராஸுக்கு 1698-லும் பம்பாய்க்கு 1709-லும் வங்காளத்துக்கு 1713-லும் தொடங்குகிறது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் பாதுகாப்பில் உள்ளது. பெரும்பகுதியைக் கட்டணம் கட்டி இணையத்திலும் பார்க்கலாம். இங்கே செல் அரித்துப்போன பக்கம் அங்கே பிழைத்திருக்கக்கூடும், நகல் எடுத்தவரின் பிழையும் கூடவே பிழைத்திருக்கும். ஆனால் அதில் நிறைந்திருப்பது ஆங்கிலேயத் திருச்சபையின் பதிவுகள். டிமான்ட்டி போன்ற கத்தோலிக்கரை அங்கே மட்டும் தேடி ஓய்ந்தவர்கள் மயிலைப் பக்கம் திரும்ப வேண்டியதுதான்.

தேதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஆங்கிலேயர்களுக்கு 1752 வரை புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. யேலின் சின்ன மகன் டேவிட் இறந்தது இன்றைய கணக்கில் 1688 சனவரி, அன்றைய கணக்கில் 1687 சனவரி. விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுவார்கள். தெரியாதவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதைச் சாகடித்துவிடுவதும் உண்டு. அதோடு விடவில்லை. ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டிருக்க, போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் கிரெகோரியனுக்கு மாறியிருந்தார்கள். ஒரே நாள் சாந்தோமில் ஒரு தேதி, நாலு மைல் வடக்கே கோட்டைக்குள் பத்துப் பதினொரு நாள் முந்திய தேதி. 1752-ல் ஆங்கிலேயர்கள் செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று அறிவித்துக் கணக்கை நேர் செய்தார்கள். இதோடு நம்மூர் அறுபது வருஷப் பெயர்களையும் தர்கா கபுருகளில் காணும் ஹிஜ்ரி ஆண்டுகளையும் சேர்த்துக்கொண்டால், செங்கல்பட்டுக் கரையில் ‘எந்த வருஷம்’ என்ற கேள்விக்கு ஐந்து விதமாகப் பதில் சொல்லலாம்.

கல்லறைக் கல்லாவது நகராது என்று நினைக்கத் தோன்றும். மதராஸில் அதுவும் நகர்ந்திருக்கிறது. 1758-59-ல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, இன்றைய உயர்நீதிமன்ற, பழைய சட்டக்கல்லூரி வளாகத்தில் இருந்த பழைய ஆங்கிலேயக் கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. முற்றுகை நீங்கியதும் கல்லறைகளை இடித்தார்கள், எழுத்துள்ள பலகைக் கற்களைக் கொண்டுவந்து செயின்ட் மேரிஸ் கோயிலைச் சுற்றித் தளமாகப் பாவினார்கள். கல் ஓரிடம், எலும்பு ஓரிடம். டேவிட் யேல் கிடக்கும் கூம்பு இடிபடாமல் தப்பித்து, அந்த வளாகத்திலேயே நின்றது. இந்தக் கல்வெட்டுகளையெல்லாம் அலைந்து படித்து, ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மதராஸ் மாகாணத்தில் முன்னோரைத் தேடுகிறவர்கள் இன்றும் முதலில் கையிலெடுக்கும் புத்தகம் அது.

கோவளத்துக்குத் தெற்கே, மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. டச்சுக் கோட்டைக்குள் தொல்லியல் துறையின் காவலில் இருக்கும் அந்தக் கல்லறைகளின் காலம் 1620 முதல் 1769 வரை. அங்கே ஒரு மத்தியானம் போதும், மணல் ஒட்டிய விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே படிக்கலாம். உயர்த்திச் செதுக்கிய டச்சு எழுத்து, குலச் சின்னம், மண்டையோடு, இறந்தவர் மூத்த வணிகரா இளைய வணிகரா என்ற பதவி விவரம். பதவியைச் சொல்லாமல் டச்சுக்காரர் சாகவே மாட்டார் போலிருக்கிறது. கல்லில் இருந்து தாளுக்குப் போவதும் எளிது. டச்சுக் கம்பெனி கப்பலேறிய ஒவ்வொருவனுக்கும் சம்பளக் கணக்கு எழுதியது. 1699 முதல் 1794 வரையிலான அந்த ஏடுகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இன்று ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் வழியே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த ஊர்க்காரன், எந்தக் கப்பல், எப்போது செத்தான், பாக்கிச் சம்பளம் யாருக்குப் போனது என்பது வரை பார்க்கலாம். அவர்களுக்காகச் சதுரங்கப்பட்டினத்திலும் சுற்று ஊர்களிலும் துணி நெய்த ஒரு நெசவாளியின் பெயரைக்கூட அந்தச் சம்பள ஏடுகளில் பார்க்க முடியாது. நெசவாளி கம்பெனிச் சம்பளக்காரன் அல்லவே.

இனி உயிலுக்கு வரலாம். மதராஸில் 1726 சாசனத்தின்படி அமைந்த மேயர் கோர்ட் உயில்களை ஏற்று மெய்ப்பிக்கும் அதிகாரம் பெற்றது. 1798-ல் அந்த வேலை ரெக்கார்டர் கோர்ட்டுக்கும், 1801-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கும், 1862-ல் உயர்நீதிமன்றத்துக்கும் போனது. டிமான்ட்டி இறந்த 1821 சுப்ரீம் கோர்ட் காலம். உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் சாட்சிகளோடு வந்து சத்தியம் செய்வார், கோர்ட் எழுத்தர் அதை வரிக்கு வரி ஏட்டில் ஏற்றுவார். உயில் இல்லாமல் செத்தவர் என்றால் நெருங்கிய உறவினரோ, சில சமயம் கடன் கொடுத்தவரோ, நிர்வாக அதிகாரம் கேட்டு மனுப் போடுவார். கடன்காரர் முந்திக்கொண்டு வந்திருந்தால், இறந்தவருக்கு இந்த ஊரில் சொந்தம் இல்லை என்பதே ஒரு தகவல். கம்பெனிக் காலத்து உயில்களின் நகல்களும் லண்டனுக்குப் போய் ஏடு ஏடாக அடுக்கப்பட்டன.

உயிலைவிடச் சுவையானது அதற்குப் பின்னால் வரும் சொத்துப் பட்டியல். நாற்காலி எத்தனை, பல்லக்கு உண்டா, மது எத்தனை புட்டி என்று எல்லாம் வரும். பிறகு ஏலம். எந்தப் பொருளை யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று எழுதிவைத்த ஏலக் கணக்குகளும் பிழைத்திருக்கின்றன. இறந்தவனின் கடிகாரத்தைப் பக்கத்துத் தோட்டக்காரன் எடுத்திருப்பான், துப்பாக்கியைக் கூட்டாளி எடுத்திருப்பான். யார் யாரோடு பழகினார்கள் என்பது அதிலேயே தெரியும். பட்டியலில் வரும் மேசை, அலமாரி, கோப்பை, சாவி நான்கும் போர்த்துக்கீசியம் நமக்குத் தந்த சொற்கள். ஏலம் என்ற சொல்லே போர்த்துக்கீசியம். உயில் ஆங்கிலத்திலிருந்து வந்தது, வாரிசு அரபியிலிருந்து. இந்தக் கடற்கரையில் ஒருவர் செத்துப்போனால் பேசவேண்டிய சொற்களைக் கப்பலில் வந்தவர்கள்தான் இறக்கியிருக்கிறார்கள்.

டிமான்ட்டியின் சொத்து மயிலை மறைமாவட்டத்துக்குப் போனது. ஆழ்வார்ப்பேட்டை நிலம் திருச்சபையின் கையில் இருப்பதற்கு மூலம் அதுதான். வம்சாவளி ஆய்வாளர் இந்த ஒரு வரியிலிருந்து நிறையப் பிரித்தெடுப்பார். கத்தோலிக்கர் ஒருவர் கோயிலுக்குக் கொஞ்சம் எழுதிவைப்பது வழக்கம், தர்மம். ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதிவைத்தால், கேட்க ஆள் இல்லை என்று பொருள். மகன் முந்திவிட்டான் என்ற ஊர்க்கதையில் உண்மை இருக்கலாம் என்று சொல்ல வைப்பது இந்த உயிலின் போக்கு.

பக்கத்திலேயே ஓர் எதிர்ச்சாட்சி இருக்கிறது. டிமான்ட்டி கூட்டாளியாக இருந்த வாணிப நிறுவனத்தின் பெயர் அர்பத்நாட், டிமான்ட்டி அண்ட் கம்பெனி. பின்னாளில் டிமான்ட்டி பெயர் உதிர்ந்து அர்பத்நாட் மட்டும் நின்றது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த அந்தக் குடும்பம் மதராஸில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அந்தக் குடும்பத்து மருமகள் ஒருவர் 1920-ல் அர்பத்நாட் வம்சாவளியைத் தடித்த புத்தகமாகவே அச்சிட்டார், யாருக்கு யார் பிறந்தார், யாரைக் கட்டினார் என்று எல்லாம் அதில் உண்டு. இத்தனைக்கும் 1906 அக்டோபர் 22-ல் அர்பத்நாட் வங்கி திவாலாகி, தென்னிந்தியாவின் சேமிப்பை விழுங்கி, சர் ஜார்ஜ் அர்பத்நாட்டைச் சிறைக்கு அனுப்பியது. அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் 1907-ன் இந்தியன் வங்கி. மக்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட குடும்பத்தைப் பற்றிப் பேய்க் கதை எதுவும் கிளம்பவில்லை. கோயில் கட்டி, சொத்தை எழுதிவைத்துவிட்டுப் போனவர்தான் பேயானார். அர்பத்நாட்டுகளுக்கு ‘எங்கள் தாத்தாவைப் பற்றி இப்படிப் பேசாதே’ என்று சொல்லப் பேரன்கள் இருந்தார்கள். டிமான்ட்டிக்கு யாரும் வரவில்லை.

மூன்றாவது தாள், பத்திரிகை. ‘மெட்ராஸ் கூரியர்’ 1785-ல் வந்தது, ‘மெட்ராஸ் கெஜட்’ 1795-ல். இரண்டிலும் சரக்கு விற்பனைக்கும் கப்பல் வரத்துக்கும் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகள் வரும். ஒருவர் காலமானால், கடன் பாக்கிக்காரர்கள் கணக்கோடு வரவும் என்று சொத்துப் பொறுப்பாளர் விளம்பரம் கொடுப்பார், கோர்ட் ஏட்டுக்கும் பத்திரிகைக்கும் அங்கே முடிச்சு விழும். 1816-ல் லண்டனில் தொடங்கிய ‘ஏஷியாட்டிக் ஜர்னல்’ மதராஸ் மரணங்களைத் தொகுத்துப் போட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் போய்ச் சேர நாலைந்து மாதம் ஆகும் என்பதால், ஜூலையில் செத்தவரை டிசம்பர், சனவரி இதழ்களில் தேட வேண்டும். மறு அச்சில் பெயரில் ஓரெழுத்து மாறினால் அதையே அடுத்த நூறு வருஷம் எல்லோரும் எடுத்தாள்வார்கள். மதராஸில் 1794-ல் ‘அஸ்தரார்’ என்ற ஓர் இதழும் வந்தது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை அது, ஆர்மீனிய வணிகக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்குச் சென்னையைத் தவிர்க்கவே முடியாது.

தமிழ்ப் பத்திரிகைகளில் இந்த வேலையைச் செய்வது நினைவஞ்சலி விளம்பரம். அன்பு மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், சம்பந்திகள் என்று கீழே அடுக்கியிருக்கும் பெயர்ப் பட்டியலை ஆராய்ச்சியாளர்கள் ஏனோ ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்க் குடும்பம் தன்னைத் தானே வரைந்துகொண்ட கிளைப்படம் அதுதான். ஈழத்தமிழர்கள் இதை இன்னும் செம்மையாகச் செய்கிறார்கள். அவர்களுடைய மரண அறிவித்தலில் பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் ஒன்று என்று தனித்தனியே வரும். கரவெட்டியில் தொடங்கி டொராண்டோவில் முடிந்த வாழ்க்கையை இரண்டே சொல்லில் பிடித்துவிடலாம். பழைய தமிழ் இதழ்களைத் தேடுகிறவர்கள் சிறுசேரியிலிருந்து அதே சாலையில் வடக்கே போனால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

சிறுசேரிக்காரர்களில் ஞானஸ்நான ஏடும் உயிலும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்துக்களின் உயிலைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த 1870 சட்டம்கூட மதராஸ் பட்டணத்து எல்லைக்குள்தான் செல்லுபடியானது. கேளம்பாக்கமும் சிறுசேரியும் அதற்கு வெளியே. இந்தக் கிராமங்களின் வீடுகளை எண்ணியவர் வேறொருவர். 1767-க்கும் 1774-க்கும் நடுவில் தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். அதற்கு அடிப்படையாக ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய கணக்குகளில் ஒரு பகுதி தப்பிப் பிழைத்து, திருப்போரூர், வடக்குப்பட்டு இரண்டு ஊர்களின் கணக்கு 2001-ல் அச்சிலும் வந்தது. யாருக்கு எத்தனை வீடு, ஊர் விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, கொல்லருக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு என்று மரக்கால் கணக்கில் இருக்கிறது. தொழிலும் பங்கும் எழுதியிருக்கும் அளவுக்கு ஆள் பெயர் எழுதியிராது. தாத்தாவின் தாத்தா அந்த ஓலையில் இருக்கிறார், ஒரு வீடாக.

ஆள் பெயர் வேண்டுமென்றால் பத்திரப் பதிவுதான் கதி. சிப்காட்டும் அடுக்குமாடிகளும் வந்து ஏக்கர் பேச்சு போய்ச் சதுரடிப் பேச்சு வந்த பிறகு, இந்தக் கரையில் முன்னோரைத் தேடாத குடும்பம் குறைவு. பாசத்தால் தேடியவர்களைவிடப் பட்டாவுக்காகத் தேடியவர்கள் அதிகம். இணையத்தில் வில்லங்கம் ஓர் ஆண்டு வரைக்கும்தான் பின்னால் எளிதாகப் போகும். அதற்கு மேலே ஏற, மூலப்பத்திரத்தின் நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். திருப்போரூர் போன்ற ஊர்களில் பத்திர எழுத்தர்கள் வாசலில் மேசை போட்டுச் செய்கிற வேலை, லண்டன் காப்பகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்கிற வேலையேதான். வாரிசுச் சான்றில் விட்டுப்போன அத்தையைக் கண்டுபிடிப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள்.

பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தால் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, ஜில்லா, தாலுகா, கிராமம், இன்னார் குமாரர் இன்னார், ஜாதி, ஜீவனம் என்று முதல் நாலு வரியிலேயே இரண்டு தலைமுறை வந்துவிடும். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மசி பரவிய இடது பெருவிரல் ரேகை. கடைசியில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை: இன்னார் புஞ்சைக்கு வடக்கு, ஏரிக்கரைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு. சொந்தப் பத்திரம் தொலைந்துபோனவர்கள், அல்லது சொந்தமாகப் பத்திரமே எழுதாதவர்கள், தேட வேண்டிய இடம் இந்த நான்கெல்லைதான். தன் நிலத்தை எழுத்தில் ஏற்றாத பாட்டன், பக்கத்து நிலத்துக்காரர் விற்கும்போது அவருக்கு எல்லையாக நின்று பதிவாகியிருப்பார். அண்டை நிலத்துப் பத்திரங்களை ஒவ்வொன்றாக நகல் கேட்டு வாங்கி, நாலு திசையையும் வாசித்துப் பார்ப்பது மெதுவான வேலை, செலவும் பிடிக்கும். ஆனால் ‘மேற்கு’ என்ற சொல்லுக்கு முன்னால், எந்த வாரிசுச் சான்றிலும் வராத ஒரு பாட்டியின் பெயர் சில சமயம் அங்கே எழுதியிருக்கும்.